ஒற்றைப்படைப் பக்கங்கள்

மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் என் ஜெராக்ஸ் கடை.
பத்திரம் எழுதுகிறவர்கள் எட்டரைக்குள் போய்விடுவார்கள்.
ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிடுவேன்.
குனிந்து வருவார்கள் நாலு பேர்,
மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை,
எண்ணூறு பக்க நாவல் ஒன்றை வைத்துச் சண்டை போட.

அச்சில் இல்லாத புத்தகம்.
இருசப்பன் பிரதியிலிருந்து
மூன்று செட் எடுத்துக் கொடுத்தது நான்தான்.
இடப்பக்கங்களைப் பகலில் பையன் எடுத்தான்.
அவனுக்கு அபிப்பிராயம் கிடையாது.
வலப்பக்கங்களை ராத்திரி நான்.
கண்ணாடியில் கவிழ்க்குமுன் நாலு வரி,
வெளிச்சம் ஓடி முடிவதற்குள்
அதை மனசுக்குள் இன்னொரு தரம்.
நாயகி அழுவது தெரியும்,
எதற்கென்பது பையன் பக்கத்தில் இருந்தது.

ஹமீதா, ஓ.டி. தபாலாபீஸ்.
"பன்னிரண்டு வருஷம் ஜன்னலோரம் காத்திருந்தாளாம்.
வாடகை யார் கொடுத்தது?
எங்க லாத்தா துபாய் போனவருக்காக ஒன்பது வருஷம் காத்திருந்தா,
ரேஷன் கடை வரிசையில."

அற்புதராஜுக்கு அந்தச் சிறை அத்தியாயம் ஒன்றே போதும்.
கேப்பர் மலையில் முப்பது வருஷம் வார்டர்.
"விடுதலையாகி வீட்டுக்கு வந்தவன்
தன் வீட்டுக் கதவு முன்னாடியே நிக்கிறான் பாருங்க,
யாராவது வந்து திறக்கட்டும்னு.
இதை எழுதினவரு மனுஷனே இல்ல."
ஒவ்வொரு மாதமும் இதே இடத்தில் குரல் உடையும்.
ஒவ்வொரு மாதமும் நான் டீக்குச் சொல்லி அனுப்புவேன்.

தமயந்தி பாதிதான் படித்திருக்கிறாள்,
முழுதாகத் திட்டுவாள்.
"ஒரு வாக்கியம் அரைப்பக்கம் போவுது.
எங்க சிப்காட் காத்துல
ஒரு மூச்சையே முழுசா இழுக்க முடியாது."

இருசப்பன் ஏழு முறை படித்தவர்.
அவருக்குத்தான் சுத்தமாகப் பிடிக்காது.
"வெள்ளம் இரைஞ்சிகிட்டு வருதாம்!
இவரு வெள்ளமே பாத்ததில்ல.
கெடிலத்துத் தண்ணி எங்க வீட்டுக்கு
முதல்ல கக்கூஸ் வழியாதான் வந்துச்சு.
சத்தமே இல்ல. நாங்க தூங்கினு இருந்தோம்."
அந்த இருட்டில் அவர் கை
இந்தப் புத்தகத்தைத்தான் பரணில் ஏற்றியது.
அப்படியும் பாதி நனைந்து
பத்து நாள் கொடியில் கிடந்தது.
ரேஷன் கார்டு போனதை
அவர் சம்சாரம் இன்றுவரை விடவில்லை.

போன சனிக்கிழமை
கரன்ட் போய்
ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை.
எப்படியோ கேட்டுவிட்டேன்:
"அந்தப் படகோட்டி என்ன ஆனான்?"

"எந்தப் படகோட்டி?"

"முன்னூத்தி எண்பத்தொன்பதுல,
கூலி வேணாம்,
நான் திரும்பலன்னா எம் மககிட்ட மட்டும்
ஒரு வார்த்தை சொல்லிடுங்கன்றானே.
யாராவது சொன்னாங்களா?"

செல்போன் வெளிச்சத்தில் மூன்று கட்டுகள் புரண்டன.
389. அடுத்த தாள் 392.
இரண்டு வருஷம் விவாதித்தவர்கள்
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.
ஏழு முறை படித்தவர் வாயே திறக்கவில்லை,
பையிலிருந்து மூலப்பிரதியை எடுத்தார்.
ஊறி உப்பி
எப்படி அழுத்தினாலும் மூடாத புத்தகம்.
அதில் ஒரு தாள் மட்டும் அப்பளம் கனத்துக்கு.
நானும் பையனும்
இரண்டு பக்கத்திலும் ஏமாந்திருக்கிறோம்.

நகத்தை வைக்கப் போனவர் கையைத் தட்டிவிட்டு
"கிழிஞ்சிடும். ஆவி காட்டணும்," என்றாள் தமயந்தி.
சூடான டீ டம்ளருக்கு மேல்
தாளை விரித்துப் பிடித்தார் இருசப்பன்.
அவர் கை லேசாக நடுங்கியது.
நாலு தலையும் குனிந்தன, என்னுடையதும்.

"சொல்லியிருப்பாங்க," என்றார் அற்புதராஜ்.

"எங்க சொல்லியிருப்பாங்க," என்றாள் ஹமீதா.

ஓரம் மெல்ல எழும்பத் தொடங்கியது.