எதிரெடை

அங் மோ கியோ, பன்னிரண்டு மாடிக் கட்டடம்.
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்
மின்தூக்கி நின்றுவிட்டது.
உள்ளே மேடம் குவெக்,
ஒரு சலவை இயந்திரம், கட்டில் சட்டம்,
பெயர் எழுதாத எட்டுப் பெட்டிகள்.

கூரைக்கடியில் இயந்திர அறை. எண்ணெய் வாடை.
மெயினை அணைத்துவிட்டு
பிரேக் நெம்புகோலைப் பிடிக்கிறேன்.

காலியாக இருந்திருந்தால் கூண்டு இந்நேரம்
மேலே விழுந்திருக்கும்.
ஆமாம், மேலே.
அதன் முதுகுக்குப் பின்னால் இருட்டில் தொங்கும் இரும்பு
வெறுங்கூண்டைவிடக் கனம்.
ஆள் ஏற ஏறத்தான் கூண்டு அதை வெல்லும்.
வேலைக்குச் சேர்ந்த புதிதில் நம்பாமல்
மூன்று முறை பிரேக்கைத் திறந்து பார்த்தேன்.

இன்று திறந்தேன்.
மேலும் இல்லை, கீழும் இல்லை.
சுமை சரியாகப் பாதி.

"பாதிதான் எடுத்துக்கொண்டேன்,
மீதி ஒன்பதாம் மாடியில் அவரிடம்" என்றது
இண்டர்காம்.
நான் கேட்டது எத்தனை கிலோ என்று.

சமனில் நிற்பது
யாராவது தொடும்வரை நின்றுகொண்டே இருக்கும்.
தொடுவதற்குப் பெரிய பலம் வேண்டாம்.
கைச்சக்கரத்தைச் சுற்றுகிறேன்:
முதல் அங்குலம் மட்டும் அடம்,
உராய்வு அப்படித்தான்.
பிறகு நானூறு கிலோ
சொன்ன பேச்சுக் கேட்கிறது.

"ஏழு! போதும்!"
ஜம்ரியின் குரல்.
பிரேக்கைப் பூட்டுகிறேன்.
கீழே கதவு திறக்கிறது, அவர் இறங்குகிறார்,
பெட்டிகள் ஒவ்வொன்றாக.

வடம் ஒருமுறை முனகுகிறது.
பூட்டியிருப்பது தெரியாமல்
கூண்டு
மேலே போகப் பார்க்கிறது.