கயிறு கட்டும் நாள்

மாத்திரைப் புட்டியின் பெயர்ச்சீட்டை
வெந்நீரில் ஊறவைத்து நகத்தால் சுரண்டினேன்.
பிறகு எல்லாவற்றையும்
வைட்டமின் புட்டிக்குள் கொட்டினேன்.
காலை ஒன்று, இரவு இரண்டு.
வீட்டில் நான் மட்டும்தான்.
யாரிடமிருந்து மறைக்கிறாய் என்று கேட்கப்
பூனைகூட இல்லை.
இவளை நம்பி ஓர் உயிரை விடுவதாவது என்று
நான்தான் வேண்டாமென்றேன்.

நண்டுத் தொழிற்சாலையில் எடை போடும் வேலை.
பதினோரு வருடத்தில் ஒரு கிராம் பிசகியதில்லை.
ஆனாலும் எண்ணை இரண்டு முறை வாசிப்பேன்,
என் கண்ணுக்கு நானே போட்ட சட்டம்.
மேற்பார்வைக்கு யெர்கா என் பெயரைச் சொன்னபோது
முதுகுவலி என்றேன்.
முதுகு நன்றாகத்தான் இருந்தது.
தம்பி ரமீரோ தன் குழந்தைக்கு
ஞானத்தாயாக நிற்கச் சொன்னான்.
தொலைபேசியில் இரைச்சல், கேட்கவில்லை என்றேன்.

மருத்துவமனையில் இருந்தது நாற்பத்திரண்டு நாள்.
அந்தச் சொல்லை
யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.
அவர்கள் வாய் திறக்குமுன்
உள்ளே நான் சொல்லி முடித்திருப்பேன்.
பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால்
காரணம் எனக்குத் தெரியும்.
யாராவது வந்து உட்கார்ந்தால்
பாவம், அவருக்குத் தெரியாது.

இன்று புந்தா அரேனாஸில்
மணிக்கு நூற்றிருபது கிலோமீட்டர் காற்று.
சதுக்கத்து மூலையில்
நகராட்சி ஆட்கள் கயிறு கட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.
கறிக்கடை விதால் அதைப் பிடித்துக்கொண்டு போனார்.
வங்கி மேலாளர் ஒரு கையில் தொப்பி, மறுகையில் கயிறு.
ஒரு போலீஸ்காரர் இரண்டு கையாலும்.
நான் பிடிக்கவில்லை.
பிடித்தால்
இவளால் தனியாக நிற்க முடியாதென்று
ஊர் கண்டுபிடித்துவிடும்.

நடுத்தெருவில் காற்று என்னைத் தூக்கிக்
குப்பைத்தொட்டியோடு சேர்த்தது.
முட்டியில் ரத்தம்.
பை வாய் பிளந்து புட்டி உருண்டது, மூடி பறந்தது,
வெள்ளை மாத்திரைகள் கடலைப் பார்த்து ஓடின.
கயிற்றோடு வந்துகொண்டிருந்த யெர்கா
காலை நீட்டிப் புட்டியை நிறுத்தினாள்.
மிஞ்சியது ஒன்பது. எண்ணித்தான் கொடுத்தாள்.

"வைட்டமினா?"

அந்தக் காற்றில் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும்,
கிசுகிசுக்க வழியில்லை.
இல்லை என்று கத்தினேன்.
மருந்தின் பெயரைக் கத்தினேன்,
நோயின் பெயரை அதைவிடச் சத்தமாக.
வங்கி மேலாளர் திரும்பினார்;
தொப்பி பறந்ததால் திரும்பினார்.
யெர்காவுக்குக் கேட்டதோ என்னவோ,
"மருந்துக்கடை ஒரு மணிக்கு மூடிவிடும்!" என்று
பதிலுக்குக் கத்தினாள்.

கயிறு ஈரமாக இருந்தது.
உள்ளங்கையில் நார் குத்தியது.
முன்னால் அவள் முதுகு,
அதற்கும் முன்னால் யாரோ ஒரு கிழவர்
ரொட்டிப் பொட்டலத்தைப் பல்லில் கவ்வியபடி.

கடையில்,
"சீட்டு ஒட்ட வேண்டாம், புட்டி மட்டும் போதும்" என்றேன்.
பழக்கம்.
அந்தப் பெண் ஏற்கெனவே ஒட்டியிருந்தாள்,
என் முழுப் பெயரோடு, கொஞ்சம் கோணலாக.

இன்றிரவு வெந்நீர் வைக்கவில்லை.
நாளைக்கு,
தெரியாது.