இதர விஷயங்கள்

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
யார் இருமினார், யார் கைப்பேசியில் மீன் விலை கேட்டார்
என்பதெல்லாம் குறிப்பில் வராது.
ஜெலுத்தோங் சமூக மண்டபம், சனி, காலை பத்து.
வெள்ளத் தடுப்புத் திட்டம் குறித்துப் பொதுமக்கள் கருத்து.
பொதுமக்கள் என்றால்
அடையாள அட்டை உள்ளவர்கள்.

அவளுக்கு அட்டை வர இன்னும் ஏழு மாதம்.
பெயரைப் பதிய முடியாது என்றேன்.
சரிக்கா என்று
எனக்குப் பின்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு
உட்கார்ந்துகொண்டாள்.

எட்டாவதாகப் பேச வேண்டிய தியோவுக்குக்
கடை திறக்க நேரமாகிவிட்டது.
காலியான அவர் மூன்று நிமிடத்தில்
அவள் எழுந்து போனாள்.
ஒலிவாங்கி தலைக்கு மேல்.
தாழ்த்த யாரும் வரவில்லை. கழற்றிக் கையில் எடுத்தாள்.

'அளவுகோல் பள்ளிக்கூடத்தில் இருந்தது,
அதனால் தம்பியைப் படிக்கட்டில் நிறுத்தி அளந்தேன்.
மார்ச்சில் முழங்கால்.
செப்டம்பரில் இடுப்பு.
இதில் ஒரு பிழை உண்டு, இடையில் அவன் வளர்ந்துவிட்டான்.
கிளினிக் அட்டையைப் பார்த்துக் கழித்துவிட்டேன்.
அவன் வளர்ந்தது மூன்று சென்டிமீட்டர்.'

மண்டபம் சிரித்தது.
கணக்கின் மீதியை விரலில் பிடித்திருப்பவள்போல
சிரிப்பு முடியும்வரை நின்றாள்.

'நவம்பரில் அளக்கவில்லை.
அவனைத் தூக்கிக்கொண்டேன்.
அந்தக் கட்டம் காலி.'

இப்போது யாரும் இருமவில்லை.
எழுதலாமா என்று நான் தலைவரைப் பார்த்தேன்,
அவர் திட்ட வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'படிக்கட்டில் ஓர் அளவுப் பலகை ஒட்டுங்கள்.
தம்பியை இனி நிறுத்த மாட்டேன்.
புது பம்ப் எங்கள் பூப்பந்துத் திடலில் வருகிறதாம்,
வரட்டும்.
சாவி மட்டும் கீழ்வீட்டில் இருக்கட்டும்.
போனமுறை சாவி வைத்திருந்தவர்
ஈப்போவில் கல்யாணத்தில் இருந்தார்.'

பதினான்கு வருடமாக நான் எழுதுகிறேன்:
விவாதிக்கப்பட்டது. கவனத்தில் கொள்ளப்பட்டது.
யாரால் என்று கேட்காத வினைச்சொற்கள்.
நேற்று வரைவு திரும்பி வந்தது,
கடைசிப் பக்கத்தில் சிவப்புக் கோட்டோடு:
பதிவு செய்யாதவர், நீக்கவும்.

நீக்கினேன்.
தேநீர் குடித்தேன்.
திரும்பி வந்து, இதர விஷயங்கள் என்ற தலைப்பின்கீழ்
மறுபடி தட்டினேன்:
பேசியவர் பத்மலோஷினி த/பெ குணாளன், வயது பதினொன்று.
நடவடிக்கை: சாவி வைத்திருப்பவர்.

அன்று மண்டப வாசலில்
செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டிருந்தாள்,
'என் பேர்ல ஒரு எச் வரும்க்கா,
எல்லாரும் விட்டுடுவாங்க.'

எச் இருக்கிறதா என்று
இரண்டு முறை பார்த்தேன்.