பதினைந்து வோல்ட்

மேசைமேல் மூன்று கறுப்புப் பெட்டி.
முதுகில் ஒட்டிய சீட்டை வாசிக்க
தவமலரின் கண்ணாடியைக் கடன் வாங்கினேன்.

முதலாவது, கடைக் கேமராவில் கழற்றியது. பன்னிரண்டு வோல்ட்.
தலவாக்கலையில் கம்பீரமாய்க் கிளம்புகிற என்ஜின்
வட்டகொடை ஏற்றத்தில்
காய்ச்சல்காரன் கண்ணைப்போல் முகவிளக்கு மங்கி
ஊர்ந்தது, நின்றது, பின்வாங்கவும் தெரியவில்லை.

அடுத்தது, அவளுடைய செத்த மடிக்கணினியின் சொத்து. பத்தொன்பது.
என்ஜின் வயிற்றில் நகத்தளவு சில்லு ஒன்று இருக்கிறது,
அதன் விலையை அவளிடம் சொல்லவில்லை.
அரை மணி ஓட்டிவிட்டுத் தொட்டேன்.
கையை எடுத்துவிட்டேன்.

"பெரிசா எடுங்கண்ணே, பதினஞ்சு வோல்ட்தான், பத்து அம்பியர்.
பின்னாடி யோசிக்கவே வேணாம்" என்றான்
ஹட்டனில் நஸ்ருல்லா.
பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாமாம்.
மூன்றாவது அது.

இப்போதெல்லாம் கரண்டைக் கூட்டிக் குறைத்துக்
கோச்சி ஓட்டுவதில்லை.
தண்டவாளம் எந்நேரமும் நிறைந்தே இருக்கும்.
நிற்கிற என்ஜினும் அந்த நிறைவின் மேல்தான் நிற்கும்,
பெரட்டுக்கு வந்த ஆள் மாதிரி
தன் நம்பரைக் கூப்பிடும்வரை.
மூன்று, நட. ஏழு, விசில் அடி.
எனக்கு இரண்டு என்ஜின்தான்.
ஆளுக்கு ஓர் அம்பியர், விளக்குக்கும் சத்தத்துக்கும் இன்னொன்று,
கணக்கு நாலைத் தாண்டவே இல்லை.

மிச்சம் ஆறு அம்பியர் என்ன செய்யும்?
காத்திருக்கும்.
ஒரு சக்கரம் தடம் புரண்டு
இரண்டு தண்டவாளத்தையும் ஒன்றாய்த் தொடும் நொடிவரை.

போன வருஷம் மேல் டிவிஷனில் பன்னிரண்டு காம்பரா எரிந்தது.
ஸ்டோர் எலக்ட்ரீசியன் என்று
மறுநாள் காலை என்னைத்தான் கூப்பிட்டார்கள்.
கூரைத் தகரம் சுருண்டு கிடந்தது.
ஒரு பள்ளிக்கூடப் பையில் ஜிப் மட்டும் மிச்சம்.
அடிக்கடி போகிறதே என்று யாரோ
பியூஸில் தடித்த கம்பி சுற்றியிருந்தார்கள்.
அது மட்டும் முழுசாக இருந்தது.
எழுபது வருஷத்து வயரைப் பற்றி நான் எழுதிய பத்தியை
அடித்துவிட்டு
'மின்னொழுக்கு' என்று ஒரு சொல் போடச் சொன்னார்கள்.
போட்டேன்.

நாலாவது பெட்டி பதினைந்து வோல்ட், ஐந்து அம்பியர்.
கொழும்பிலிருந்து வர மூன்று வாரம்.
கொட்டகலைக்கு அந்தப்பக்கம் மண் சரிந்து
நிஜப் பாதை ஏணியைப்போல் அந்தரத்தில் தொங்கியது.
லொறியில் சுற்றி வந்து சேர்ந்தது,
பெட்டி நசுங்கி, உள்ளே நலமாக.

வாங்கியதும் ஓட்டவில்லை.
ஐந்து ரூபாய்க் குற்றியை எடுத்து
தலவாக்கலை மேடைக்கு முன்னால்
தண்டவாளத்தின் குறுக்கே வைத்தேன்.
டிக்.
எல்லாம் நின்றது. குற்றியை எடுத்ததும்
ஒரு மூச்சு தாமதித்து விளக்கு திரும்பியது.
இதே குற்றியை
நஸ்ருல்லாவின் பெட்டியில் வைத்தபோது
அது தன்பாட்டில் சூடாகிக்கொண்டே இருந்தது,
நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன்.

கடைசிச் சோதனை நானுஓயாவில்,
கட்டிலுக்கு மேலே, வயர் மிக நீளமாய் ஓடும் இடத்தில்.
அங்கே நிறுத்தத் தெரிந்தால் எங்கும் தெரியும்.
முழங்காலில் ஏறி, குற்றியை வைத்தேன்.

டிக்.
அறை இருண்டது. குசினி இருண்டது.
குளிர்பெட்டியின் முனகல் அடங்கியது.

"நீங்களா?" என்றாள் தவமலர், இருட்டுக்குள்ளிருந்து.

ஜன்னலைத் திறந்தேன்.
தலவாக்கலை முழுவதும் இல்லை.
அணைக்கட்டின் மேல் மட்டும் நாலைந்து விளக்கு,
அடியில் மூடிய கதவுக்குப் பின்னால் நிறையத் தண்ணீர்.

"நான் இல்ல" என்றேன்.
கையில் குற்றி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.