பட்டை

குலசேகரம் சந்தை முக்கில் திரும்பி
திற்பரப்பு ரோட்டில் ஐந்தாவது கடை.
ரப்பர் ஷீட் எடுக்கிறோம், ஒட்டுப்பாலும்.
புகையும் புளிப்பும் கலந்த மணத்துக்குள்
ஒரு கம்ப்யூட்டர்.
அதற்கு முன்னால் நான்.

திங்கட்கிழமை, பதினோரு மணி இருக்கும்.
இருக்கும் என்றுதான் சொல்ல முடிகிறது.
மணி காட்டும் மூலையே
அன்று திரையில் இல்லை.

அடியில் நீளமாய்க் கிடக்குமே, பட்டை,
அது முழுசாய்க் காணோம்.
பில் போடும் பக்கம் மட்டும்
திரை முட்ட விரிந்து நிற்கிறது.
இன்றைய விலை வேறொரு பக்கத்தில்.
அங்கே போகிற வாசலை
யாரோ பெயர்த்துக்கொண்டு போயாயிற்று.

மவுசை அடிவரை இழுத்தேன்,
விளிம்பில் நிறுத்திவைத்தேன்.
தினமும் அங்கே கொண்டுபோனால்
மெல்ல எட்டிப்பார்க்கும்.
இன்று பாராமுகம்.
விண்டோஸ் பொத்தானை அமுக்கினேன்,
பிறகு அடித்தேன்.
கீபோர்டு தமிழில் நிற்கிறதா ஆங்கிலத்திலா,
காட்டித்தந்த சின்ன எழுத்தும் அதோடு போயிற்று.
ரோசிலி என்று தட்டினால்
கைப்பிடிச் சரளையை அள்ளி எறிந்தமாதிரி
என்னவோ விழுகிறது.

ரோசிலி எதிரிலேயே நின்றாள்.
பதினாலு கிலோ ஒட்டுப்பால், சாக்கோடு.
தராசுக்கு அப்பால் மாசிலாமணி,
நாலாம் தரம் என்று நான் சொன்னதை
இன்னும் ஒத்துக்கொள்ளாமல்.
வாசலில் டென்னிசன்,
பைக்கை அணைக்கவும் மனசில்லை.

"எனக்க பில்லு வருமா பிள்ளே?"

"பட்டை போச்சு எக்கா."

"எந்தத் தோட்டத்தில?"

சொல்லிவிட்டுத்தான் எனக்கும் உறைத்தது.
அவளோ அதற்குள் மேசையைச் சுற்றி வந்து
திரைமுன் குனிந்துவிட்டாள்.
விடியுமுன் முந்நூறு மரத்தைத்
தலைவிளக்கில் பார்த்துவருகிற கண்.
"மரச்சுப் போச்சு போல.
கொஞ்ச நாள் வெட்டாம விட்டுரு, வரும்."

கொஞ்ச நாளா?
இருபத்திரண்டு பில் சேமிக்காமல் கிடக்கிறது.
அணைத்தால் அத்தனையும் ஓட்டோடு போகும்.

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப்.
இடக்கை விரல் மூன்றையும் விரித்து அமுக்கினேன்.
ஒரு பட்டியல் திறந்தது.
உள்ளே இத்தனை பேர் வேலைசெய்கிறார்களா,
முக்கால்வாசிப் பேரை எனக்குத் தெரியாது.
எக்ஸ்ப்ளோரர் என்றிருந்த பெயரைத் தொட்டு
மறுபடி தொடங்கு என்றேன்.

திரை ஒருதடவை கண் சிமிட்டியது.
மாசிலாமணி "அய்யோ" என்றார்,
அவருடைய பணம்போல.

பிறகு வந்தது.
வெட்டின கோட்டில் பால் ஊறுகிறமாதிரி அல்ல,
ஒரே வீச்சில், இந்த ஓரம் முதல் அந்த ஓரம்வரை.
அதன்மேல் ஐகான்கள்
ஒன்று, சற்றுப் பொறுத்து இன்னொன்று,
வலக்கோடியில் மணி: பதினொன்று இருபத்தாறு.
மறுபடி முங்கப் பார்த்ததை விடாமல்
செட்டிங்ஸில் போய்த்
தானாய் ஒளிந்துகொள் என்கிற இடத்தில்
நானே இட்டிருந்த டிக்கை
நானே எடுத்தேன்.

அந்த அவசரத்தில்தான் மறந்தது,
அதை ஏன் இட்டேன் என்று.

"ரா… ஜி… னா… மா,"
ரோசிலி விரல்வைத்துப் படித்தாள்.
"இது யாருக்க?"

டென்னிசன் பைக்கை அணைத்தான்.

இரண்டு மாசமாய்க் காலையில் திறந்து
கீழே தள்ளிவைக்கிற கடிதம்.
இரண்டு வரி ஆகியிருக்கிறது.
மூன்றாவதில் காரணம் எழுத வேண்டும்.
முதலாளிக்கு
நாற்காலியின் பின்னால் நின்று பேசுகிற பழக்கம்.
ஆகவே பட்டையை ஒளித்துவைத்தேன்.
ஒளிந்து பழகியது
கூப்பிட்டபோது வர மறந்துவிட்டது,
அவ்வளவுதான் நடந்தது.

"அவருக்குத் தெரியுமா?"

"இல்ல எக்கா."

நிமிர்ந்து, கையைச் சாக்கில் துடைத்தாள்.
"பில்லைப் போடு மொதல்ல.
வெலை கூடட்டு. அதுக்கப்புறம் போ.
புதுசா ஒருத்தி வந்து
எனக்க பேரைப் படிக்கதுக்கு நாளாவும்."

விலைப் பக்கத்தைத் தொட்டேன், திறந்தது.
தமிழுக்கு மாற்றினேன்.
ரோ. சி. லி.
பதினாலு கிலோ, ஈரத்துக்குக் கழிவு போக.
பிரிண்டர் இருமிக்கொண்டே துப்பியது.
மாசிலாமணிக்கு நாலாம் தரமேதான்.
முணுமுணுத்தபடி வாங்கிப் போனார்.

உச்சிக்கு மழை பிடித்தது.
கடையில் ஆளில்லாத நேரம்
மவுசை அந்த டிக்வரைக்கும் கொண்டுபோனேன்.
கொண்டுபோய்,
சும்மா வைத்திருந்தேன்.

நாலு மணிக்கு முதலாளி வருவார்.
நாற்காலியின் பின்னால்தான் நிற்பார்.
பட்டை கிடக்கிறது,
கிடந்தபடி.