ஒன்பது அங்குலம்

பள்ளிப்பட்டுக்கு வடக்கே, கொசஸ்தலையின் மணல் தீர்ந்த கரையில்
இந்த மாடி வீட்டுக்கு விலை எழுத வந்திருக்கிறேன்.
வங்கி அனுப்பியது.
டேப்பின் மறுமுனையைப் பிடிக்க வாட்ச்மேன் முனிரத்னம்;
அவருக்குக் கூலி தமிழ்நாட்டில், ரேஷன் ஆந்திராவில்.

முதல் பத்திரம் தெலுங்கு.
கறையான் விட்டுவைத்த வரையில்,
குமார திம்மராஜு என்ற மிட்டாதார்
வேட்டைக்கு வந்தால் தங்குவதற்குக் கீழ்க்கட்டைக் கல்லால் எழுப்பினார்.
பேஷ்குஷ் பாக்கியில் அது ஏலம் போனது.

எடுத்தவர் சித்தூர் எண்ணெய் வியாபாரி, கொப்புரவுரி சுப்பய்ய செட்டி.
ஓர் இரவும் அவர் இங்கே தூங்கவில்லை.
கூடம் முழுக்க நிலக்கடலை மூட்டை,
எட்டு சன்னலில் ஆறை அடைத்தார்.
அடைத்த செங்கல் இன்றும் வேறு நிறம்.

பிறகு வக்கீல் தாமோதர முதலியார்.
தேக்கு உத்தரம், மெட்ராஸ் டெரஸ்,
முகப்பில் ஆறு தூண்கள், கழுத்தில் இலைச் சுருள்,
பட்டணத்துக் கோர்ட்டில் எங்கோ பார்த்தது.
அந்தத் தூண்கள் எதையும் தாங்கவில்லை.
மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

பேரணாம்பட்டுத் தோல் மண்டிக்காரர் காதர் பாஷா
மேற்கே ஒரு குளியலறை சேர்த்தார்,
மெஹருன்னிஸா கேட்டாளென்று.
பச்சைப் பீங்கான் ஓட்டில் ஒன்றுகூட விரியவில்லை.
இந்த வீட்டிலேயே
ஒருவர் இன்னொருவருக்காகக் கட்டிய அறை அதுதான் என்று படுகிறது.
ரிப்போர்ட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

அறுபதில் வீடு நகரவில்லை, மாநிலம் நகர்ந்தது.
எல்லைக்கல் மாந்தோப்புக் கிணற்றுக்கு இப்பால் விழ,
வீடு இந்தப் பக்கம், அதன் தண்ணீர் அந்தப் பக்கம்.

அப்புறம் பட்டுப்புழு ஆபீஸ். அப்புறம் மாணவியர் விடுதி:
நாலாம் அறைச் சுவரில் ஆணியால் கீறிய
பதிமூன்றாம் வாய்பாடு,
ஏழோடு நிற்கிறது.
இப்போது மாங்கூழ் கம்பெனி லோகநாத நாயுடு.
கடன் வாங்கிக் கல்யாண மண்டபம் ஆக்கப்போகிறாராம்.
தூண்கள் பிழைத்தன.

மத்தியானம் கணக்கு உதைத்தது.
வெளியளவில் உள்ளளவைக் கழித்தால்
வடக்குச் சுவர் மூன்றே முக்கால் அடி.
எல்லாப் பத்திரமும் மூன்றடி என்றே சொல்கின்றன,
ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை.

மூன்று முறை அளந்தோம்.
முனிரத்னம் கடப்பாரை நுனியால் காரையை நெருடினார்.
கடுக்காய்ச் சாந்து, செங்கல், கல்.
கல்லுக்குப் பின்னால்
கேழ்வரகுத் தாள் கலந்து மிதித்த செம்மண்,
ஒன்பது அங்குலம்.

திம்மராஜு வந்தபோது
இங்கே யாருடைய சுவரோ நின்றிருக்கிறது.
இடிக்கச் சோம்பல்பட்டு
அதன்மேலேயே கல்லைச் சாத்தியிருக்கிறான் கொத்தன்.
அவர்கள் எங்கே போனார்கள்,
போகச் சொன்னது யார்,
வில்லங்கச் சான்றில் அந்த வில்லங்கம் ஏறவில்லை.

"சார், இதுவும் சேர்த்துத்தானே விலை?"
பேனாவை உதறினேன். எழுதியது,
'அளவுப் பிழை.'

நான் வண்டியை எடுக்கும்போது
அவர் ஆந்திராவிலிருந்து ஒரு குடம் தண்ணீர் சுமந்துவந்து
அந்தப் பொத்தலைப் பூசிக்கொண்டிருந்தார்.