முட்டைக் கணக்கு

பதினெட்டு வருசம்
மேலச்செவல் பள்ளிக்கூடத்துச் சத்துணவில்
முட்டை எண்ணினவள் நான்.
பிள்ளைகள் நூற்றுப் பன்னிரண்டு, முட்டை நூற்றுப் பன்னிரண்டு,
உடைந்தது மூன்று என்று ஓரத்தில் எழுதிக்
கையெழுத்துப் போட்டவள்.
இப்போது ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில்
என் ரத்தத்தை எண்ணுகிறார்கள்.

"வெள்ளை அணு ரொம்பக் குறைவும்மா"
என்றாள் சீட்டைப் பார்த்த நர்ஸ் பிள்ளை.
ஏழாம் வகுப்புக் கணக்கில்
என் மகன் வாங்கிவந்த முட்டை ஞாபகம் வந்து
சிரித்துவிட்டேன்.
அவள்தான் பயந்துபோனாள்.

சேதி பரவினதும் டப்பா வர ஆரம்பித்தது.
நாத்தனார் ஆவுடைத்தங்கம் கோதுமைப்புல் பொடி,
மூடியைத் திறந்தால் மாட்டுத்தொழு வாசம்.
சுரண்டைச் சித்தப்பா
பப்பாளி இலையை இடித்துப் பிழிந்து சோடாப் பாட்டிலில்.
தூத்துக்குடி மருமகன் கிரீன் டீ மாத்திரை,
கப்பலில் வந்ததாம்.
"ரத்தம் ஊறும் மைனி, ஒரே மாசத்துல பாருங்க."
கண்டபடி ஊறினதுதானே எனக்கு வந்த வினை,
இதை யாரிடம் சொல்ல?

வேண்டாம் என்று யாரிடமும் சொல்லத் தெரியாத மனுசன்
என் வீட்டுக்காரர் சொரிமுத்து.
மணி பார்த்துக் கரைத்துக் கொடுத்தார்.
அவர் தலை மறைந்ததும்
முருங்கை மூட்டில் ஊற்றினேன்.
முருங்கை நன்றாக இருக்கிறது.

மாத்திரையை மட்டும் ஊற்ற முடியவில்லை,
விழுங்கிவந்தேன்.

அடுத்த ஊசிக்குப் போகும்போது
யூரியாச் சாக்குப் பையில் எல்லா டப்பாவையும் அள்ளிக்கொண்டு
சேரன்மகாதேவி பஸ்ஸில் மடியில் வைத்தபடி போனேன்.
டாக்டரம்மாவுக்கு முப்பது வயசிருக்கும்.
மேசைமேல் பரப்பச் சொன்னாள்.
சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவதுபோல் ஒவ்வொன்றாய் உருட்டினாள்.
"இது வேண்டாம். இதுவும். இதுல என்ன இருக்குன்னு
செஞ்சவனுக்கே தெரியாது."
கிரீன் டீ மாத்திரையில் கை நின்றது.
"நான் வயித்துல போடுற ஊசியை
இது வேலை செய்யவிடாம மறிக்கலாம். இன்னையோட விட்டுருங்க."
நான் தலை குனிந்தேன்.
அவள் எழுதிக்கொடுத்த சுண்ணாம்புச்சத்து மாத்திரை மட்டும்
பைக்குள் திரும்பியது.
"மிச்சத்தைச் சோறு பாத்துக்கும்" என்றாள்.
தண்ணீர் கொதிக்கணும், பழம் தோலுரிச்சுத் தின்னணும்,
கடைச் சட்னி கூடாது, பழையது கூடாது,
பச்சை உள்ளி கொஞ்ச நாளைக்கு ஆகாது.
"முட்டை நல்லா வேகணும்மா, மஞ்சக்கரு கெட்டியாகணும்."
முட்டை வேகவைக்க எனக்கேவா
என்று கேட்டிருப்பேன்,
நாக்கு வறண்டு கிடந்தது.

நாக்கில் எந்நேரமும் செம்புக்காசு.
இட்லி காசு, பால் காசு,
எச்சிலும் காசு.

ஞாயிற்றுக்கிழமை சொரிமுத்து
அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.
தேங்காய்ப்பால் திரிந்து, பாசிப்பருப்பு அடிப்பிடித்து
ஒரு சொதி வெளியே வந்தது.
மறுவீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு
எனக்கென்று யாரும் சொதி வைத்ததில்லை.
நாலாவது வாயில், காசுக்கு அடியிலிருந்து
இஞ்சி தெரிந்தது.
"இஞ்சி தூக்கலாப் போச்சோ?" என்றார்.
"இல்லை, இன்னும் போடலாம்" என்றேன்.

நேற்று உலகம்மாள் போன் போட்டாள்.
என் இடத்தில் இப்போது அவள்தான் பார்க்கிறாள்.
"அக்கா, ரெண்டு பிள்ளை வரலை, முட்டை மிச்சம் கெடக்கு,
உங்களுக்குச் சத்துக்கு ஆவும்லா, கொண்டாரட்டா?"
"பிள்ளைங்க முட்டையில கை வச்சே,
அங்கேயே வந்து அறைவேன் பாத்துக்கோ!"
தெருவே திரும்பிப் பார்த்தது.
இத்தனை மாசம் எங்கே கிடந்ததோ அந்தக் குரல்,
மூச்சு வாங்க உட்கார்ந்து
நானே கொஞ்சம் அதிசயப்பட்டேன்.

இன்று மத்தியானம்
கடையில் காசு கொடுத்து வாங்கின முட்டை ஒன்று,
கடிகாரம் பார்த்துப் பன்னிரண்டு நிமிசம்.
உரித்தால் மஞ்சளைச் சுற்றிச் சாம்பல் வளையம்.
கல்லுப்பைப் பொடித்துத் தூவித் தின்றேன்.
பழைய நோட்டில் ஒரு பக்கம் மிச்சமிருந்தது.
வருகை ஒன்று.
முட்டை ஒன்று.
உடைந்தது,
அந்தக் கட்டத்தை
இன்றைக்கு நிரப்பவில்லை.